வெளிநாட்டுக் காசு: பயணம் போய் வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பயணம் முடிந்து வந்தவர்கள் ஒரு கைப்பிடிச் சில்லறையை என் மேசையில் கொட்டி, “இதில் ஏதாவது தேறுமா? இது அசல்தானா?” என்று கேட்பது பல வருடமாக நடக்கிறது. நான் நாணயம் சேர்க்கிறவன் என்பது தெரிந்தவர்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பையில மிஞ்சின சில்லறைதான் இருக்கு. அதையெல்லாம் சேகரிப்புன்னு சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். பேருந்துச் சீட்டு எடுத்தபோதும் தண்ணீர் பாட்டில் வாங்கியபோதும் கைக்கு வந்த மீதிச் சில்லறை, அந்த ஊர்க்காரர்கள் கைகளில் புழங்கி உங்களிடம் வந்து சேர்ந்தது. பயண நினைவுக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. அது போலியாக இருக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. பத்து சென்ட் காசைப் போலியாக அடிப்பவனுக்கு உலோகச் செலவும் கூலியும்கூட மிஞ்சாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி, எதை வாங்கியதில் வந்த மீதி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் காசு இருக்கும், கதை மறந்திருக்கும்.

எதை வச்சுக்கறது, எதைச் செலவழிச்சுடறது?

ஒவ்வொரு மதிப்பிலும் ஒன்று வைத்துக்கொண்டு மற்றதை அங்கேயே செலவழித்துவிடுங்கள். பணம் மாற்றும் இடங்கள் பெரும்பாலும் தாள்களைத்தான் வாங்கும், நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜப்பானின் 500 யென், சுவிட்சர்லாந்தின் 5 பிராங்க் எல்லாம் உருப்படியான தொகை. அப்படிப் பத்து நாணயங்கள் கையில் தங்கிவிட்டால் நஷ்டம்தான். சில விமானங்களில் யுனிசெஃப் அமைப்புக்காக ஓர் உறை கொடுத்து மிச்சச் சில்லறையை வாங்கிக்கொள்வார்கள். அதுவும் நல்ல வழி.

சின்ன மதிப்புக் காசுகளைக் குறைவாக எண்ண வேண்டாம். ஜப்பானின் 1 யென் முழுக்க அலுமினியம், எடை சரியாக 1 கிராம். தண்ணீரின் மேல் பட்டும் படாமலும் வைத்தால் மிதக்கும். 5 யென், 50 யென் காசுகளின் நடுவில் ஓட்டை. டென்மார்க்கின் 1, 2, 5 குரோனர் காசுகளிலும் அப்படியே. மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்திரியாவில் 2014இல் பிளாஸ்டிக் கலவையிலேயே காசு வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்.

ரெண்டு 2 ஈரோ இருக்கு. ஒரு பக்கம் ஒரே மாதிரி, மறுபக்கம் வேற வேற. ஒன்னு போலியோ?

இல்லை. ஈரோ காசுகளில் மதிப்பு இருக்கும் பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்கு உரியது. அயர்லாந்து என்றால் யாழ், இத்தாலியின் 2 ஈரோவில் கவிஞர் தாந்தேயின் முகம், கிரேக்கத்தின் 2 ஈரோவில் காளை மேல் அமர்ந்த ஐரோப்பா என்ற புராணப் பெண். ஜெர்மனியின் காசில் ஏ, டி, எஃப், ஜி, ஜே என்று ஓர் எழுத்தும் இருக்கும். பெர்லின், மியூனிக், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹாம்பர்க் ஆகிய ஐந்து நாணயச்சாலைகளில் எது அடித்தது என்பதை அந்த எழுத்து சொல்லும். நாடு வாரியாகச் சேர்க்கத் தொடங்கினால் சில்லறை எண்ணுவதே ஒரு வேட்டையாகிவிடும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. தாய்லாந்தின் 10 பாட் காசும் வெளியே வெள்ளை, உள்ளே மஞ்சள், எடையும் அதே 8.5 கிராம். விட்டத்தில் 2 ஈரோவைவிடக் கால் மில்லிமீட்டர்தான் பெரிது. அவசரத்தில் 2 ஈரோ என்று நினைத்து வாங்கிவிடுவீர்கள். அது போலி அல்ல, அசல் தாய்க் காசு. ஆனால் மதிப்பு பல மடங்கு குறைவு.

ஆண்டு 2560ன்னு போட்டிருக்கே? இன்னொன்னுல 1444. எப்படிப் படிக்கறது?

2560 என்றால் தாய்லாந்தின் புத்த ஆண்டு. 543ஐக் கழித்தால் 2017. 1444 பெரும்பாலும் ஹிஜ்ரி ஆண்டு. அது சந்திர ஆண்டு என்பதால் வெறும் கழித்தல் கூட்டல் போதாது. 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள், 2022-23 என்று வரும். ஈரான் காசுகளில் இருப்பது சூரிய ஆண்டு, 621ஐக் கூட்டினால் போதும். தைவான் காசுக்கு 1911ஐக் கூட்ட வேண்டும். நேபாளக் காசில் ஏறக்குறைய 57ஐக் கழிக்க வேண்டும்.

அரபு எண்களில் நிறையப் பேர் தவறுவது ஓரிடத்தில்தான்: சிறு வட்டம் போல இருப்பது ஐந்து, வெறும் புள்ளிதான் பூஜ்யம். ஜப்பான் காசில் பேரரசரின் ஆட்சிப் பெயரும் அந்த ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு என்பதும் இருக்கும். ஷோவா என்றால் 1925, ஹெய்செய் என்றால் 1988, ரெய்வா என்றால் 2018 கூட்டுங்கள். 5 யென்னில் நமக்குப் பழகிய எண்ணே கிடையாது, எல்லாம் சீன எழுத்து.

இந்தக் கணக்கைப் பழகிக்கொள்வது நல்லது. போலியைப் பிடிக்கவும் இது உதவும், பின்னால் சொல்கிறேன்.

பழைய காசுன்னா விலை அதிகம் போகுமா?

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சுவிட்சர்லாந்தின் 10 ராப்பன் காசின் வடிவம் 1879இலிருந்து மாறவே இல்லை, அந்த வருடத்துக் காசு இன்றும் அங்கே செல்லும். நான்காம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், தேய்ந்தவை மிக மலிவு. மறுபுறம், இளவரசி கிரேஸ் கெல்லியின் நினைவாக மொனாக்கோ 2007இல் வெளியிட்ட 2 ஈரோவை அடித்ததே 20,001தான். அதன் விலை முக மதிப்பைவிடப் பல நூறு மடங்கு. எத்தனை அடித்தார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

காந்தத்துல ஒட்டினா போலிதானே?

இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனையோ நல்ல காசுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. பிரிட்டனின் 1 பென்னி 1992க்கு முன் வெண்கலம், அதற்குப் பிறகு செம்பு முலாம் பூசிய எஃகு. முன்னது ஒட்டாது, பின்னது ஒட்டும், இரண்டும் அசல். ஈரோவின் 1, 2, 5 சென்ட் எஃகு என்பதால் பட்டென்று ஒட்டும். 10, 20, 50 சென்ட் ஒட்டாது. 1 ஈரோவும் 2 ஈரோவும் நடுப்பகுதியில் மட்டும் லேசாக இழுக்கப்படும், ஏனென்றால் நடுவில் ஒரு நிக்கல் அடுக்கு இருக்கிறது. 2 ஈரோ முழுதாக வலுவாக ஒட்டினாலும் சந்தேகம், துளியும் அசையாவிட்டாலும் சந்தேகம்.

ஆக, அந்தக் காசு எந்த உலோகத்தால் ஆனது என்று தெரிந்த பிறகுதான் காந்தத்தைக் கையில் எடுக்க வேண்டும். வெள்ளி என்று சொல்லி விற்கும் காசு ஒட்டினால் மட்டும் வேறு யோசனையே வேண்டாம். வெள்ளி ஒட்டாது.

வீட்டுலயே சோதிக்க என்னென்ன வேணும்?

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, விட்டமும் தடிமனும் அளக்கும் காலிப்பர், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், ஒரு காந்தம். அத்துடன் அசலின் அளவுகள் தெரிந்திருக்க வேண்டும். நூமிஸ்டா போன்ற இணையப் பட்டியல்களில் எடை, விட்டம், உலோகம் எல்லாம் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தராசை வாங்குங்கள். நான் பார்த்த போலிகளில் பெரும்பாலானவை தராசைத் தாண்டவில்லை.

சந்தையில பழைய வெள்ளி டாலர் மலிவா கிடைக்குது. வாங்கலாமா?

நினைவுப் பொருள் என்று நினைத்து, நினைவுப் பொருளின் விலைக்கு வாங்கினால் பாதகமில்லை. வெள்ளி என்று நம்பி வாங்கினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். சுற்றுலாச் சந்தைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை அமெரிக்க வர்த்தக டாலர், மோர்கன் டாலர், யுவான் ஷிகாய் முகம் பதித்த சீன வெள்ளி டாலர், பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்டர், பழைய ஜப்பானிய 1 யென். அசலில் எல்லாம் நல்ல வெள்ளி. போலிகளும் அதே அளவுக்குப் பெருகியவை.

நானும் ஒன்று வாங்கினேன். 1875ஆம் ஆண்டு வர்த்தக டாலர் என்று ஒரு தெருச் சந்தையில் கொடுத்தார்கள். அமெரிக்கா ஆசிய வியாபாரத்துக்கென்றே 1873இல் தொடங்கி 1885 வரை அடித்த காசு அது. ஆண்டு பொருந்தியது. காந்தம் ஒட்டவில்லை. கறுப்பேறி, பழசாகவே தெரிந்தது. சந்தோஷமாகக் கொண்டுவந்து தராசில் வைத்தால் 22.41 கிராம். காசைத் திருப்பினேன். கழுகுக்குக் கீழே அது தன் எடையைத் தானே சொல்லிக்கொண்டிருந்தது: 420 கிரெய்ன், ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி. 420 கிரெய்ன் என்றால் 27.22 கிராம். ஐந்து கிராம் எங்கே போனது? லென்ஸில் பார்த்தபோது, கழுகின் சிறகு நுனியில் முலாம் தேய்ந்து மஞ்சளாகப் பித்தளை எட்டிப் பார்த்தது.

அந்தக் காலத்து வெள்ளிக் காசுகள் பலவற்றில் இப்படி எடையையும் வெள்ளியின் தரத்தையும் பொறித்திருப்பார்கள். ஜப்பானிய 1 யென்னில் 416 என்று இருக்கும், அதுவும் கிரெய்ன் கணக்குதான், 26.96 கிராம். 1896 முதல் 1928 வரையிலான பியாஸ்டரில் 27 கிராம் என்று எழுதியே இருக்கும். போலி செய்பவன் எழுத்தை அப்படியே நகலெடுத்துவிடுகிறான், எடையை நகலெடுக்க வெள்ளி வேண்டும். தராசு கையில் இருந்தால் அங்கேயே வைத்துப் பாருங்கள், விற்பவர் மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு உதவும் என்றேனே, அது இங்கேதான். வர்த்தக டாலரில் 1873க்கு முந்தைய ஆண்டு இருந்தால் எடை பார்க்கவே வேண்டாம். மோர்கன் டாலர் 1878 முதல் 1904 வரை அடித்தது, பிறகு 1921இல். அதற்கப்புறம் 2021இல்தான் மறுபடி அடிக்கத் தொடங்கினார்கள். நடுவில் எந்த ஆண்டு இருந்தாலும் அது கற்பனை.

காசு தேய்ஞ்சிருக்கு, அதனாலதான் எடை குறைவுன்னு விற்கறவர் சொல்றாரே?

தேய்மானத்தில் எடை குறைவது உண்மை. நன்றாகப் புழங்கிய வெள்ளி டாலரில் கால் கிராம், அரை கிராம் போகலாம். ஆனால் எழுத்தெல்லாம் கூர்மையாக நிற்க, எடை மட்டும் ஐந்து கிராம் குறைந்திருந்தால் தேய்மானம் என்று சொல்ல இடமே இல்லை.

எடை கரெக்டா இருக்கு. அப்போ அசல்தானே?

அவசரப்பட வேண்டாம். தடிமனைக் கொஞ்சம் கூட்டியோ, ஈயம் கலந்தோ எடையைச் சரிக்கட்டலாம். விட்டமும் தடிமனும் பார்த்த பிறகு அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் செய்யக்கூடியதுதான். தண்ணீர் ஊற்றிய குவளையைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால், காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

90 சதவீத வெள்ளிக் காசுக்கு 10.3க்குப் பக்கத்தில் வர வேண்டும். மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம். தண்ணீரில் தராசு ஏறக்குறைய 2.59 காட்டினால் சரி. என் போலி டாலர் 2.70 காட்டியது, வகுத்தால் 8.3, பித்தளைக்கு உரிய எண். சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.34. முடிந்ததும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

நல்ல வெள்ளியிலேயே அடித்த போலிகளும் உண்டு. அவற்றைத் தராசும் தண்ணீரும் காட்டிக்கொடுக்காது, அடுத்த பதிலில் சொல்லும் லென்ஸ் வேலைதான் மிச்சம். விலை பெரிதென்றால் அனுபவசாலியிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

லென்ஸ்ல எதைப் பார்க்கணும்?

நாணயச்சாலையில் காசு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி அடிக்கப்படுகிறது. உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாய்ந்து எழுத்தின் ஓரங்கள் கத்தி போல நிற்கும், வெற்றுப் பரப்பு வழவழப்பாக இருக்கும். உருக்கி ஊற்றி வார்த்த போலியில் எழுத்துகள் சோப்புக் கட்டியில் பதித்த மாதிரி மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசி முனை அளவுக்குக் குழிகள் இருக்கும், தலைமுடி இழைகள் ஒன்றோடொன்று குழம்பியிருக்கும்.

அடுத்து விளிம்பு. பெரும்பாலானோர் இங்கே பார்ப்பதே இல்லை, போலி செய்பவனும் இங்கேதான் அசட்டையாக இருப்பான். விளிம்பைச் சுற்றி ஒரு தையல் கோடு ஓடினாலோ, அரத்தால் ராவிய தடம் இருந்தாலோ இரண்டு அரைகளை ஒட்டியதாகவோ வார்த்ததாகவோ இருக்கும். விளிம்பு வரிகள் சீரான இடைவெளியில் செங்குத்தாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கால் டாலரில் அவை 119. எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை, சாய்ந்தோ பாதியில் மறைந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சீனாவில் புழங்கிய வெள்ளி டாலர்களில் வணிகர்கள் சோதித்துக் குத்திய சிறு முத்திரைகள் இருக்கும். முத்திரை இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடாதீர்கள். உண்மையான குத்தில் உலோகம் நசுங்கி ஓரம் மேடாகியிருக்கும். வார்ப்புப் போலியில் அந்த முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் மழுங்கலாகக் கிடக்கும்.

ஒரு பெண்மணி முகம் போட்ட பெரிய வெள்ளிக் காசு, 1780ன்னு இருக்கு. உண்மையிலேயே அவ்வளவு பழசா?

மரியா தெரசா தாலர். ஆஸ்திரியாவின் அரசி 1780இல் இறந்தார். அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் அந்தக் காசைத்தான் கேட்டார்கள் என்பதால் அதே ஆண்டை வைத்தே தொடர்ந்து அடித்தார்கள். வியன்னா மட்டுமல்ல, லண்டன், பாரிஸ், ரோம், பம்பாய் நாணயச்சாலைகளும் அடித்திருக்கின்றன. உங்களிடம் இருப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் அடித்ததாகவும் இருக்கலாம்.

இவற்றைப் போலி என்று சொல்வது தவறு. அதிகாரபூர்வ நாணயச்சாலை, சரியான வெள்ளி, சரியான எடையில் அடித்த மறு அச்சு. எடை 28.07 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 833 பங்கு. விளிம்பில் ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் இலத்தீன் சொற்கள் புடைத்து நிற்கும். அந்த எழுத்து இல்லாத, எடை குறைந்த தாலர்கள்தான் போலி.

பழைய இடிபாடு பக்கத்துல ஒருத்தர், “இப்பதான் தோண்டினது”ன்னு ரோமானியக் காசு குடுத்தாரு. எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். இதில் நான் கறாராகவே சொல்வேன். அது போலியாக இருந்தால் பணம் போச்சு. அசலாக இருந்தால் நிலைமை அதைவிட மோசம். துருக்கியில் 1983இன் 2863ஆம் சட்டம், எகிப்தில் 1983இன் 117ஆம் சட்டம், கிரேக்கத்தில் 2002இன் 3028ஆம் சட்டம் என்று ஒவ்வொரு நாடும் தொல்பொருளைக் காக்கிறது. அனுமதியின்றி எடுத்துப்போவது குற்றம். “சந்தையில் வாங்கினேன்” என்ற பதில் விமான நிலையத்தில் எடுபடாது.

சட்டத்தை விடுங்கள். மண்ணில் எந்த அடுக்கில் அந்தக் காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். தோண்டி விற்றவுடன் அந்தத் தகவல் அழிந்துபோகிறது, யாராலும் திரும்பப் பெற முடியாது. பழங்காசு ஆசை இருந்தால், எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கொடுக்கும் வணிகரிடம் வாங்குங்கள்.

சினிமா கதாபாத்திரம் போட்ட வெள்ளி நாணயம் ஒரு தீவு நாட்டுப் பேர்ல இருக்கு. இது நிஜக் காசா?

சட்டப்படி காசு, புழக்கத்தில் கிடையாது. நியூவே என்ற சின்னத் தீவின் பெயரில் இப்படி நிறைய வருகின்றன. அங்கே மக்கள் கையில் புழங்குவது நியூசிலாந்து டாலர். வெள்ளி உண்மையானது, ஆனால் அது பயணத்தின் நினைவு ஆகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சுற்றுலா இடங்களில் இயந்திரத்தில் பணம் போட்டு எடுக்கும் பாரிஸ் நாணயச்சாலையின் வில்லைகள் காசே அல்ல, பதக்கங்கள். பிடித்தால் வாங்குங்கள், நாணயம் என்று எழுதி வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பெட்டியில சீல் பண்ணி நம்பர் போட்டிருக்கு. இனி சந்தேகமே வேண்டாமா?

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் காசைச் சோதித்துத் தரம் குறித்துப் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. மோசடிக்காரர்கள் அந்தப் பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள், அதுவும் உண்மையான எண்ணைப் போட்டு. அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைத் தேடினால் பல காசுகளுக்குப் படம் வரும். படத்தில் உள்ள கீறலும் கறையும் உங்கள் கையில் இருப்பதில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கறுத்துப்போச்சு. பற்பசை போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆகுமே?

ஆகும், அத்தோடு காசும் போய்விடும். புதிதாக அடித்த காசை விளக்கொளியில் சாய்த்தால் ஒளி சக்கரம் போலச் சுழலும். அச்சில் உலோகம் பாய்ந்தபோது உண்டான மிக நுண்ணிய கோடுகள்தான் அதற்குக் காரணம். ஒரு தடவை தேய்த்தால் அவை அழிந்துவிடும், எந்த வித்தையாலும் திரும்ப வராது. கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து உண்டான மெல்லிய படலம், அது காசுக்குக் கெடுதல் இல்லை.

மண் என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதாவது படிந்திருந்தால் அது பிவிசி உறையின் வேலை. சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் போட்டால் கரையும். காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

அப்போ எதுல போட்டு வைக்கறது?

நடுவில் மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் சன்னல் உள்ள அட்டைச் சட்டகம் மலிவு, போதுமானது. மெல்லிய, வாசனை வரும் பிளாஸ்டிக் உறை வேண்டாம், பிவிசி என்னவாகும் என்று மேலே சொன்னேன். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வெள்ளியைக் கறுக்கவைக்கும். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

போலின்னு உறுதியாயிடுச்சு. இப்ப என்ன பண்ணறது?

புழக்கத்தில் உள்ள காசின் போலி என்றால் வங்கியிலோ காவல் துறையிலோ கொடுங்கள். தெரிந்தே அடுத்தவர் தலையில் கட்டுவது எந்த நாட்டிலும் குற்றம். பிரிட்டனில் பழைய வட்ட 1 பவுண்டில் முப்பதுக்கு ஒன்று போலி என்ற நிலை வந்ததால்தான், 2017இல் பன்னிரண்டு முனைக் காசைக் கொண்டுவந்தார்கள். வட்டக் காசு அந்த அக்டோபரோடு செல்லாமல் போனது.

பழங்காசின் போலியை நான் எறிவதில்லை, அசல் என்று யாரிடமும் தள்ளுவதும் இல்லை. என் வர்த்தக டாலர் அதே பெட்டியில் இருக்கிறது. சட்டகத்தில் ஊரின் பெயர், வாங்கிய தேதி, கீழே சிவப்பு மையில் “போலி. பித்தளை. 22.41 கிராம்.” சந்தேகத்தோடு வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.